சோழவரத்து ஆசை

சென்ற மாதம் ஒரு தாயார் எம்மைத் தேடி வந்தார். "ஸார், நீங்கள் சொன்னால் கேட்பான். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன் ஆகப் போகிறேன் என்கிறான்" என்று கண் கலங்கினார். எளாவூரில் வாழ்வோருக்கு அந்தக் கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை. கல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே ஓடுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை லாரிகளுக்கு இரவு பகல் ஓய்வில்லை. பையன் பயிற்சி செய்ததோ அந்தச் சாலையிலேதான்!

உபதேசம் செய்வது உபாத்தியாயர்களின் பிறவிக் குணம் அல்லவா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸி. எஸ். ஸந்தோஷைத் தெரியுமா, ஸார்?" என்றான். தெரியாது. அன்றிரவு உட்கார்ந்து படித்தோம்.

பெங்களூர்க்காரரான ஸந்தோஷ், 2015-ஆம் ஆண்டு ஆர்ஜென்டினா, சிலி, பொலிவியா நாடுகளின் வழியே நடந்த டக்கார் பந்தயத்தை 36-வதாக ஓட்டி முடித்தார். மோட்டார் சைக்கிளில் அதை முடித்த முதல் இந்தியர் அவரே. முப்பத்தாறாவது இடத்துக்கா இத்தனை பெருமை என்று கேட்கலாம். மலையிலும் பாலையிலும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓட்டும் பந்தயத்தில், கடைசிவரை போய்ச் சேருவதே பெரிய காரியம். 2021-இல் ஸவூதி அரேபியாவில் அதே பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். வைத்தியர்கள் மருந்தினால் மயக்கத்தில் வைத்திருந்து காப்பாற்றினார்கள்.

படிக்கும்போது எம் தகப்பனாரின் நினைவு வந்தது. உலக யுத்த காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில், சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் நடத்திய பந்தயங்களைப் பார்த்துவிட்டு வந்து, வாரக்கணக்கில் அதையே பேசுவார். அவருக்கு இருந்தது ரஸனை; இந்தப் பையனுக்கு இருப்பது பைத்தியமா?

மறுநாள் அவனை அழைத்தோம். "தம்பி, தலைக்கவசம், பந்தய உடை, தூக்கிச் செல்ல ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் அவருக்கு அந்தக் கதி. நம் சாலையில் உனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். தலை குனிந்தான். "ஆசையை விடு என்று சொல்லவில்லை, சாலையை விடு. இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே கற்றுக்கொள்" என்றோம். சம்மதித்தான்.

தாயாரிடம் வெற்றிச் செய்தியாகச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே: "அங்கே விழமாட்டானா, ஸார்?"

2023-இல் அந்தப் பாதையிலேயே பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்திருக்கிறான். பொய் சொல்ல நா எழவில்லை. "விழலாம், அம்மா. ஆனால் எதிரே லாரி வராது" என்றோம்.

சிறிது நேரம் நின்று யோசித்தார். பிறகு, "போகும்போது நானும் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.