நான் தவழவிட்ட மணல்

மணல்மேல் ஒரு பாரத்தை வைத்துவிட்டு, அதைக் கூட்டாமல் குறைக்காமல் காத்திருந்தாலும் மணல் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். இதைக் கிரீப் என்போம். அதைக் கணினியில் நிகழ்த்திக் காட்டியதாகச் சொல்லித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டின் முக்கிய வரைபடம் பொய்.

பீட்டர் கன்டல், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் 1979-இல் விரிவாக எழுதிய தனித்துகள் முறைதான் என் கருவி. மணலின் ஒவ்வொரு மணியையும் பந்தாக வைத்து, பந்துகள் தொடும் இடங்களில் விசையைக் கணக்கிட்டு, இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணிக்கு ஒரு காலப்படி என்பது நொடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு. ஒரு நாள் கிரீப்புக்கு 86,400 கோடி படிகள்! என் உதவித்தொகையோ மூன்று வருடம்.

படிகளைக் குறைக்க, மணிகளின் அடர்த்தியை 10 லட்சம் மடங்கு ஏற்றினேன். படி 1000 மடங்கு நீண்டது. இது ஊரறிந்த உத்திதான், மணிகள் அமைதியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் தப்பில்லை. என் மணிகள் அமைதியாக இல்லை. பாரத்தை ஏற்றிய வேகத்திலேயே, கனத்த லாரி பிரேக் போட்ட பிறகும் நகர்வதுபோல, நகர்ந்துகொண்டிருந்தன. அந்த நகர்வை மடக்கை அச்சில் வரைந்தபோது பாடப்புத்தகக் கிரீப்பைப் போலவே அழகான நேர்கோடு வந்தது.

ஆய்வகத்தில் இளைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, தொடுபுள்ளி விதியில காலமே இல்லையே. அப்புறம் கிரீப் எங்கிருந்து வருது?"

கூன், மிட்செல் என்ற ஆய்வாளர்கள் 1993-இல் சேர்த்தது அந்தக் காலத்தைத்தான்: தொடுபுள்ளி மெல்ல வழுக்குவதற்கே காலம் சார்ந்த விதி எழுதினார்கள். என் நிரலில் அப்படி ஒரு வரிகூட இல்லை. "மணிகளின் கூட்டு நடத்தை அது, போகப்போகப் புரியும்" என்று பெரிய மனுஷன் போலச் சொல்லி அனுப்பினேன். அன்றிரவே இயக்க ஆற்றல் கோப்பைத் திறந்தேன். பார்த்ததும் புரிந்தது. மூடிவிட்டேன்.

பட்டம் கையில் வந்த பிறகு ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில், அடர்த்தியை இயல்புக்கு இறக்கி ஓட்டிப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் மணல் அடங்கிவிட்டது. கோடு தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அவள் பெயரும் இருக்கிறது, வரைபடங்கள் வரைய உதவியதற்காக.