முன்பாரம், பின்பாரம்

ஆத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் டிரெய்லரை எடை போட்டுத்தான் விலை பேசுகிறார்கள். இரும்பு எத்தனை கிலோ, கிலோவுக்குக் கூலி எவ்வளவு என்பதே பேச்சு. ஆக்சிலும் டயரும் தனி, பெயின்ட் தனி. அதனால் வாங்க வருகிறவர்களின் கண்ணும் எடை மீதே இருக்கிறது. சேனலைத் தட்டிப் பார்க்கிறார்கள், தகட்டின் தடிமனை விசாரிக்கிறார்கள், "நல்லா கனமா போடுங்க" என்று முன்பணத்தை நீட்டுகிறார்கள். சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தபோது, அந்தத் தொழிலின் நுட்பம் முழுக்க பில்லில் ஏறாத ஓர் இடத்தில் இருப்பது தெரிந்தது.

வாழப்பாடி, ஆத்தூர் வட்டாரத்துக்குப் பாக்கும் குச்சிக்கிழங்கும் உயிர். கிழங்கு வெட்டுத் தொடங்கிவிட்டால் சேகோ ஆலைகளுக்குப் போகும் டிரெய்லர்களால் சாலை நிறைந்துவிடும். பட்டறைகளுக்கு அதற்கு முந்தைய மாதங்கள்தான் தீபாவளி. ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் கிழங்கு டிரெய்லர் அல்ல. பாக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் ஒன்பதடி இடைவெளி. பெரிய டிராக்டர் உள்ளே போனால் மட்கார்டு மரத்தில் உரசும். அங்கே உழவு ஓட்ட 15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர்தான் சரி. ஒருவர் வாங்கிவிட்டால் சுற்று வட்டாரத் தோப்பெல்லாம் வாடகைக்குக் கூப்பிடும். ஊர் ஊராகத் தார்ச்சாலையிலேயே ஓட்டிப் போனால் டயரின் பட்டன் தேய்கிறது, பாதி நாள் வழியிலேயே கழிகிறது.

நான் போயிருந்தபோது பட்டறைக்கு வந்திருந்தவர் அப்படி வாடகைக்கு ஓட்டுகிறவர்தான். வீட்டில் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றும் இருக்கிறது. அதன் பின்னால் கோத்து, மினி டிராக்டரை ரொட்டவேட்டரோடு ஏற்றிப் போக ஒரு தாழ்வான டிரெய்லர் வேண்டும் என்றார்.

"குட்டி யானையில ஏத்திட்டுப் போகலாமே?" என்று நான் இடையில் நுழைந்தேன்.

"அது முக்கால் டன் வண்டிங்க. ரொட்டவேட்டரோட சேர்த்தா தாங்காது. பிக்கப் பிடிச்சா வாடகை, அதுலயும் ஏத்தி இறக்க மேடு தேடணும்."

பட்டறை மேஸ்திரி எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "எடை போட்டீங்களாண்ணா?"

"கம்பெனி புத்தகத்துல இருக்குதுங்க."

"புத்தகத்துல ரொட்டவேட்டர் இருக்காது. எடைமேடைக்குப் போய் மூணு சீட்டு வாங்கிட்டு வாங்க. முழு வண்டி ஒண்ணு, முன்சக்கரம் மட்டும் ஒண்ணு, பின்சக்கரம் மட்டும் ஒண்ணு. ரொட்டவேட்டரைத் தூக்கி வெச்சே போடுங்க."

கிழங்கு லோடு எடுக்கும் ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் சீட்டுகள் வந்தன. மொத்தம் ஏறக்குறைய 1,000 கிலோ. முன்சக்கரங்களில் 200, பின்சக்கரங்களில் 800. மேஸ்திரி சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஐந்தடி என்று குறித்தார். ஐந்தில் ஒரு பங்கு எடைதான் முன்னால். ஆக, வண்டியின் பாரம் பின் அச்சுக்கு ஓரடி முன்னால் நிற்கிறது. இந்த ஒரு புள்ளி கிடைத்த பிறகுதான் அவர் டேப்பைக் கையில் எடுத்தார்.

அவருடைய அப்பா மாட்டு வண்டி செய்த தச்சர். பார வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்க்காதவர் அந்தக் காலத்தில் கிடையாது. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தில் உட்கார்ந்துவிடும், மாடு தலை தூக்காது. கொஞ்சம்போல முன்பாரம் இருப்பதே நல்ல வண்டி. "மாடு இருந்தவரைக்கும் அது திணறுறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. டிராக்டர் சொல்லாது, சாயும்போதுதான் தெரியும்" என்றார் மேஸ்திரி.

டிராக்டர் கொக்கியில் நுகத்தின் அதே கணக்குதான். இரண்டு சக்கர டிரெய்லரில் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். சுமை அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கி மேல்நோக்கி இழுக்கும், டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்கும் பிடி தளரும். நம் ஊர் டிராக்டரில் பிரேக் இருப்பது பின்சக்கரத்தில் மட்டும்தான். அந்தச் சக்கரம் லேசானால் பிரேக்கும் லேசாகிவிடும்.

தரையில் சாக்கட்டிக் கணக்கு வளர்ந்தது. மேடை பன்னிரண்டு அடி, கொக்கியிலிருந்து மேடை தொடங்கும் இடம் நாலடி. டிரெய்லரின் சொந்த எடை 600 கிலோ, மேலே ஏறும் வண்டி 1,000 கிலோ. இரண்டும் சேர்ந்த பாரம் கொக்கியிலிருந்து ஒன்பதரை அடியில் நிற்கும்படி வண்டியின் இடத்தைக் குறித்தார். அச்சைப் பதினோராவது அடியில் வைத்தார். மேடையின் நட்ட நடு பத்தாவது அடி, அதிலிருந்து அச்சு ஓரடி பின்னால் போகிறது. கொக்கியில் விழுவது ஏறக்குறைய 220 கிலோ.

"வண்டி ஓரடி பின்னால தள்ளி நின்னா?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு கிலோ குறையும். ரெண்டடி தள்ளினா கொக்கியில ஒண்ணும் நிக்காது."

நான் தாளில் போட்டுப் பார்த்தேன். 1,000 கிலோவைப் பதினொன்றால் வகுத்தால் அடிக்கு 91 கிலோ. இரண்டடிக்கு 182 போக, மிச்சம் நாற்பதைத் தொடவில்லை. அவர் வகுத்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் காலை சேனல்கள் தரையில் இறங்கின. இரண்டு நீளச் சட்டம், இடையில் குறுக்குச் சட்டங்கள். முதலில் முழுசாகப் பற்றவைப்பதில்லை, மூலைக்கு மூலை சின்னச் சின்னப் பொட்டாக வைத்து நிறுத்துகிறார்கள். பிறகு இரண்டு பேர் டேப்பின் இரு முனையைப் பிடித்து மூலைக்கு எதிர்மூலை அளக்கிறார்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை சம்மட்டியால் தட்டித் திருத்துகிறார்கள். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒரே பக்கமாகப் பற்றவைத்துப் போவதில்லை. இடப்பக்கம் ஒரு சாண் ஓட்டினால் அடுத்து வலக்கோடியில் ஒரு சாண். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இந்த மாறி மாறிப் பற்றவைப்பில் தேர்ந்தவர். அடுத்து எங்கே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அச்சு வைக்கும் நேரத்தில் மட்டும் மேஸ்திரி யாரையும் நம்புவதில்லை. கொக்கியின் கண்ணிலிருந்து அச்சின் இடக்கோடி வரை ஓர் அளவு, வலக்கோடி வரை ஓர் அளவு. இரண்டும் ஒத்து வராவிட்டால் டிரெய்லர் சாலையில் ஒருக்களித்தே ஓடும், ஒரு பருவத்துக்குள் டயரைத் தின்றுவிடும். அளவு சரியான பிறகே கமான் பட்டைக்கான கொண்டிகளைச் சட்டத்தில் பற்றவைக்கச் சொன்னார். சக்கரத்துக்கு ஜீப் டயர் அளவு, 6.00-16. சக்கரங்கள் மேடைக்கு அடியில் வராமல் வெளிப்பக்கம் நிற்பதால் மேடை தரையிலிருந்து இரண்டடி உயரத்தோடு நின்றுவிடுகிறது. மினி டிராக்டரின் அகலம் குறைவு, அதனால் இந்த அமைப்புக்கு இடம் இருக்கிறது.

நாலு சக்கர டிரெய்லர் ஏன் வேண்டாம் என்றும் கேட்டேன். அதில் முன் அச்சு டர்ன் டேபிளில் திரும்பும், கொக்கியில் பாரமே விழாது, முன்பாரக் கணக்கும் தேவையில்லை. ஆனால் தோப்புப் பாதையில் அதைப் பின்னுக்கு எடுப்பது பெரும்பாடு. கொக்கியில் ஒரு திருப்பம், டர்ன் டேபிளில் இன்னொரு திருப்பம் என்று அது இரண்டு இடத்தில் மடங்கும். இரும்பும் அதிகம் பிடிக்கும். நெல் மூட்டைக்கும் கரும்புக்கும் அது பொருந்தும், தோப்புக்குப் பொருந்தாது.

மினி டிராக்டர் கவிழ்வது பெரும்பாலும் சாலையில் அல்ல, ஏற்றும்போதுதான் என்பது பட்டறையின் அனுபவம். இரண்டடி உயரத்துக்கு ஆறடிச் சாய்வுப் பலகை போட்டால் சரிவு 19 டிகிரிக்கு மேல் போகிறது. அதையே எட்டடி ஆக்கினால் 14.5 டிகிரிக்கு இறங்குகிறது. வந்தவர் ஆறடி கேட்டார், மடித்து நிறுத்தச் சுலபம் என்று. மேஸ்திரி எடைச்சீட்டைக் காட்டினார். முன்சக்கரத்தில் இருப்பதே 200 கிலோ, சரிவில் ஏறும்போது அதிலும் பெரும்பங்கு பின்னுக்கு நகர்ந்துவிடும். முகம் மேலே பார்த்து ஏறினால் முன்பக்கம் கிளம்பி வண்டி மல்லாந்துவிடும். அதனால் ஏறும்போது ரிவர்ஸ், இறங்கும்போது நேர்முகம். கனமான பக்கம் எப்போதும் மேட்டில் இருக்க வேண்டும். பலகையும் வழவழப்பான தகடாக இல்லாமல், ஆங்கிள் துண்டுகளை இடைவெளி விட்டுப் பற்றவைத்த ஏணிபோல இருந்தது. சேறு கீழே கொட்டிவிடும், டயர் பட்டன் கவ்விக்கொள்ளும்.

பின்பக்கம் இரண்டு முட்டுக்கால்கள் வேண்டும் என்பதை வந்தவர் எதிர்பார்க்கவில்லை. டிராக்டர் சாய்வுப் பலகையில் நிற்கும் சில நொடிகள் அத்தனை எடையும் டிரெய்லரின் வால் மீது. அப்போது முன்னால் கொக்கி மேலே கிளம்பி, இழுக்கும் டிராக்டரின் பின்பக்கத்தையே தூக்கப் பார்க்கும். வாலுக்குக் கீழே கால் ஊன்றிவிட்டால் அந்தப் பயமில்லை. ஏற்றியதும் ரொட்டவேட்டரை மேடையில் இறக்கி வைக்க வேண்டும், கியரில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட வேண்டும். நாலு மூலைக்கும் நாலு சங்கிலி. சங்கிலியை அச்சிலும் சேசிஸிலும் மாட்டலாம், ஸ்டியரிங் ராடில் மாட்டவே கூடாது.

கருமந்துறைப் பக்கம் மலைத் தோப்புகளுக்கும் வேலைக்குப் போவதாக வந்தவர் சொன்னதும் பேச்சு பிரேக்குக்குத் திரும்பியது. இழுக்கும் டிராக்டர் ஏறக்குறைய இரண்டு டன், பின்னால் வருவது 1,600 கிலோ. இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்கள் உண்டு. அப்போது இன்ஜினின் பிடிமானம் முழுக்கப் போய்விடுகிறது. இன்னொன்று, டிராக்டரில் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல். வயலில் திரும்ப அது வசதி, சாலைக்கு வந்தால் இரண்டையும் கொண்டி போட்டு இணைத்தாக வேண்டும். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், பின்னால் வரும் எடை அதை மடித்துப் போடும். "மலைக்குப் போறதுன்னா டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாம நான் செய்ய மாட்டேங்கண்ணா" என்று மேஸ்திரி முடித்துவிட்டார்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிராக்டர் என்பது தானே சுமை ஏற்றுவதற்காகச் செய்யப்படாத வண்டி. சுமை தூக்கும் டிரெய்லர் சட்டத்தின் கண்ணில் இன்னொரு வண்டி, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். காப்பீட்டிலும் அதை விட்டுவிடக்கூடாது. பலர் இதைச் செலவாகப் பார்த்துத் தள்ளிப்போடுகிறார்கள். பின்விளக்குக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானுக்கும் அதே கதிதான். இருட்டில் விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் டிரெய்லரில் மோதிச் செத்தவர்களின் கதை நெடுஞ்சாலையோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. இந்தப் பட்டறையில் ஒயர் இழுத்து விளக்கு மாட்டாமல் வண்டியை வெளியே விடுவதில்லை.

வெல்டிங் செய்கிறவர்களின் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகக்கவசம் இருக்கிறது, பெரிய வேலைக்குப் போட்டுக்கொள்கிறார்கள். பொட்டு வைக்கும்போது மட்டும் "ஒரு நொடிதானே" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பற்றவைக்கிறார்கள். அந்த ஒரு நொடிகள் சேர்ந்து இரவில் கண்ணில் மணல் வாரிப் போட்டதுபோல் உறுத்தும். தூக்கம் இருக்காது. காலையில் சிவந்த கண்ணோடு அதே இடத்தில் வந்து உட்காருகிறார்கள். கூலி நாள் கணக்கு, விடுப்பு எடுத்தால் இல்லை.

ரெட் ஆக்சைடு அடித்து முடித்த பிறகு, மேஸ்திரி மேடைமீது ஒரு குறுக்கு ஆங்கிளைப் பற்றவைத்தார். ரிவர்ஸில் ஏறும் டிராக்டரின் பின்சக்கரம் அதில் முட்டி நிற்கும். யார் ஓட்டினாலும் எந்த அவசரத்தில் ஏற்றினாலும் பாரம் அந்த ஒன்பதரை அடியில்தான் நிற்கும். அந்த ஆங்கிளின் எடை சுமார் மூன்று கிலோ. மொத்தக் கணக்கும் அந்த மூன்று கிலோவில்தான் பூட்டப்பட்டிருக்கிறது.

பில் போடும்போது ஒரு வேடிக்கை. வந்தவர் 800 கிலோ இரும்புக்கு மனதில் கணக்குப் போட்டு வந்திருந்தார், டிரெய்லர் 600-இல் முடிந்துவிட்டது. பாரம் எங்கே விழும் என்று தெரிந்ததால் அந்த இடத்தில் மட்டும் சட்டத்தை இரட்டித்து மற்ற இடங்களில் குறைத்திருந்தார் மேஸ்திரி. வந்தவர் காசு மிச்சமான சந்தோஷத்தில் இருந்தார். கூலியும் அதே கிலோவோடு சேர்ந்து குறைந்தது. யோசிக்காமல் கனமான சேனலை அள்ளிப் போடும் பட்டறைக்கு இந்த முறையில் கூடுதல் கூலி, யோசிக்கிற பட்டறைக்குக் குறைவான கூலி.

டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் யோசனை இதுதான். எத்தனை கிலோ இரும்பு என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். எடைமேடைச் சீட்டுகளோடு போய், கொக்கியில் எத்தனை கிலோ விழும் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பட்டறையில் கிலோ பேசாமல், முழு வண்டிக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். அப்படிப் பேசினால்தான் இரும்பைக் குறைத்தவருக்குக் கூலி குறையாது.