இரண்டாவது ரைடர் தேறுவாரா?

சூளகிரி டீக்கடையில் நின்று புரோ கபடி பார்த்திருக்கீங்களா? கூட்டம் ரெண்டு கட்சி. இங்கேயிருந்து சென்னையைவிட பெங்களூரு ரொம்பக் கிட்ட, அதனால புல்ஸ் ரசிகர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா ரெண்டு கட்சியும் ஒத்துப்போற விஷயம் ஒண்ணு உண்டு: "தமிழ் தலைவாஸுக்கு ரெண்டாவது ரைடர் சரியில்லப்பா."

நானும் தலைவாஸ் கட்சிதான். இருந்தாலும் கேட்கிறேன், சரியில்லைன்னு எதை வச்சு சொல்றோம்? மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர் கார்டைப் பார்த்து, முதல் ரைடர் 12, இவர் 5, அவ்வளவுதான் தீர்ப்பு. அது நியாயமே இல்லை.

இரண்டாவது ரைடரோட முக்கியமான வேலை முதல் ரைடரை வெளியே உட்கார விடாம இருக்கிறது. அவர் அவுட் ஆனா, நம்ம டீம் எதிராளி ஒருத்தரை அவுட் ஆக்கினாத்தான் திரும்ப உள்ளே வர முடியும். அதுவும் அவுட் ஆன வரிசைப்படி. இதுல ஒரு நுணுக்கம்: போனஸ் கோட்டைத் தாண்டினா புள்ளி ஏறும், ஆனா யாரும் உள்ளே வர மாட்டாங்க. அஞ்சு போனஸ் எடுத்தவரும், அஞ்சு பேரைத் தொட்டுட்டு வந்தவரும் ஸ்கோர் கார்டுல ஒண்ணுதான். ஆட்டத்துல ஒண்ணே இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ரைடு 30 நொடி. ரெண்டு ரைடு சும்மா போனா மூணாவது டூ ஆர் டை. நடுவுல எதிரணியும் பாடிட்டு வரும். ஆக, இவர் ரெண்டு தடவை வெறுங்கையோட வந்து மூணாவதுல மாட்டினா, முதல் ரைடர் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் பெஞ்ச்சுல. 40 நிமிஷ ஆட்டத்துல மூணு நிமிஷம்! ஓசூர் பக்கம் கம்பெனியில இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்களுக்கு இது புரியும். மெஷின் நின்னா மெயின்டனன்ஸ் ஆளுகிட்ட "எவ்வளவு நேரத்துல ஓட விட்ட?"ன்னுதான் கேப்பாங்க.

இன்னொண்ணு, டூ ஆர் டை ரைடு பல நேரம் இவர் தலையிலதான் விழும். இவர் தொட்டே ஆகணும்னு தெரிஞ்சு டிஃபன்ஸ் காத்துட்டு இருக்கும். அதுல மாட்டுறதையும் சாதா ரைடுல மாட்டுறதையும் ஒரே தராசுல வைக்கலாமா?

2022-ஐ எடுத்துக்குங்க, ஒன்பதாவது சீசன். 2.26 கோடிக்கு எடுத்த பவன் செஹ்ராவத் முதல் மேட்ச்லயே முழங்கால் காயத்தோட வெளியே போயிட்டார். புதுமுகம் நரேந்தர் முதல் ரைடர் ஆனார், 243 ரைடு புள்ளி எடுத்தார். பக்கத்துல அஜிங்க்யா பவார். நரேந்தரை எல்லாரும் கொண்டாடினோம், அஜிங்க்யாவைத் திட்டினோம். ஆனா தலைவாஸ் முதல்முறையா பிளே ஆஃப் போனது அந்த சீசன்லதான். எலிமினேட்டர்ல யு.பி. யோத்தாஸோட 36-36 சமன், டை பிரேக்கர்ல 6-4 வெற்றி. ஒத்தை ரைடர் மட்டும் இழுத்துட்டுப் போற தூரமா அது? என் கணக்குல அஜிங்க்யா தேறினார்.

ஆனா அடுத்து அரையிறுதி. புனேரி பல்தானுக்கு அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத் ரெண்டு பேருமே காயத்துல இல்லை. நமக்குத்தான்னு நினைச்சோம். அடுத்த வரிசையில இருந்த பங்கஜ் மோஹிதே வந்து 16 புள்ளி எடுத்துட்டுப் போயிட்டார். 39-37. ரெண்டே புள்ளி! அந்த ராத்திரி நம்மளை அடிச்சது எதிரணியோட பெரிய பேர் இல்லை, அவங்க பெஞ்ச்.

அப்புறம் 2024 ஏலத்துல 2.15 கோடி கொடுத்து சச்சின் தன்வரை எடுத்தாங்க, அந்த ஏலத்துலயே அதிக விலை. நரேந்தருக்குத் துணை கிடைச்சாச்சுன்னு நம்பினோம். 12 அணியில ஒன்பதாவது இடம்.

அடுத்த மேட்ச்ல ஒண்ணு பண்ணுங்க. முதல் ரைடர் அவுட் ஆன உடனே போன்ல ஸ்டாப்வாட்சைத் தட்டுங்க, அவர் உள்ளே வந்ததும் நிறுத்துங்க. யார் தொட்டதால வந்தார்னு பக்கத்துலயே எழுதிக்குங்க, ஏன்னா டிஃபன்ஸ் பிடிச்சாலும் அவர் வந்துடுவார், அதை ரைடர் கணக்குல சேர்க்கக் கூடாது. நாலு மேட்ச் பார்த்துட்டு டீக்கடைக்கு வாங்க, பேசலாம்.