‘நன்றி: கூகுள்’ என்று எழுதாதீர்கள்



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வாசகர் வட்டத்துத் தோழர் ஒருவர் முதுகலை ஆய்வேடு எழுதினார். சேரிகள் எரிக்கப்பட்ட வரலாறுதான் தலைப்பு. ஊர் ஊராக அலைந்து, வீடிழந்தவர்களிடம் பேசி, முதல் தகவல் அறிக்கைகளைத் தேடிப்பிடித்து எழுதியது. படங்கள் சேர்க்கும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். கடைசி இரவில், அவசரத்தில், எல்லாப் படங்களுக்கும் கீழே ‘நன்றி: கூகுள்’ என்று போட்டோம்.

வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் எரிந்த குடிசைப் படத்தைக் காட்டிக் கேட்டார்: எந்த ஊர்? எந்த ஆண்டு? யார் எடுத்தது? தோழரிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் பார்த்தால், அது வேறு மாநிலத்தில் நடந்த ஒரு தீ விபத்தின் படம். ‘படமே இப்படியென்றால் வாக்குமூலங்கள் எப்படியோ’ என்று அந்த அறையில் ஒருவர் சொன்னாராம். நம் மக்களின் சாட்சியத்தைச் சந்தேகிக்கக் காரணம் தேடிக் காத்திருப்பவர்களுக்கு நாங்களே காரணம் கொடுத்தோம்.

கூகுள் படம் எடுப்பதில்லை, தேடித்தான் தருகிறது. ஒரு நூலை மேற்கோள் காட்டிவிட்டு ‘நன்றி: நூலக அலமாரி’ என்று எழுதுவோமா?

இன்னொன்றையும் அப்போது கவனித்தோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், பல படங்களின் கீழே சாதிப் பெயர் மட்டுமே இருக்கும். கேமராவின் முன் நின்றவருக்குப் பெயர் இல்லை. நாங்களும் தலைவர்கள் படத்துக்கு முழுப்பெயர் எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு ‘ஒரு தலித் பெண்’ என்றுதான் எழுதியிருந்தோம். தர்ஸ்டன் செய்ததையே செய்திருக்கிறோம்.

அன்றிலிருந்து நாங்கள் கடைப்பிடிப்பது இது.

புகைப்படம் என்றால் படத்தில் இருப்பவர், இடம், நாள், எடுத்தவர், வெளியான இதழ் அல்லது ஆவணக் காப்பகம். ஓவியம் என்றால் ஓவியர், தலைப்பு, ஆண்டு, எதில் வரைந்தது, இப்போது எங்கே இருக்கிறது. நூலிலிருந்து எடுத்திருந்தால் அந்த நூலும் பக்க எண்ணும். காணொளி என்றால் இயக்குநர், தலைப்பு, ஆண்டு, நீங்கள் பேசும் காட்சி வரும் நிமிடம். ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்தால் இயக்குநர் திவ்யபாரதியின் பெயரோடு ஒளிப்பதிவாளர் பழனிகுமாரின் பெயரையும் எழுதுங்கள். கையிலிருப்பது பகிரப்பட்ட காணொளி மட்டும்தான் என்றால், முதலில் பதிவேற்றியவரைத் தேடுங்கள், பார்த்த தேதியைக் குறியுங்கள், ஒரு பிரதி சேமித்து வையுங்கள். நாளை அது நீக்கப்படலாம். ஆண்டு தெரியாவிட்டால் ‘ஆண்டு தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். படத்தை வெட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆய்வுக்காக நியாயமான அளவில் பயன்படுத்த அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஆய்வேட்டை நூலாக்கும்போது எடுத்தவரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பெயரை மறைத்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், போக்சோ வழக்கில் உள்ள குழந்தை ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊரையும் தந்தை பெயரையும் எழுதினால் மறைத்ததாகாது. ‘அடையாளம் காக்கப் பெயர் தவிர்க்கப்பட்டது’ என்று எழுதினால் போதும்.

திருத்திய ஆய்வேட்டுக்காக மறுபடியும் ஊருக்குப் போனோம். ஓர் அம்மா ஓரம் கருகிய ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார். படம் எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டோம்.

“போடு தம்பி. ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடு. எரிஞ்சது இந்த ஊர்லதான்னு தெரியட்டும்” என்றார்.

அப்படியே எழுதினோம்.