போர் வண்டிக் குடித்தனம்

போர் வண்டி எப்போதும் இரண்டு லாரிகளாகத்தான் வரும். முன்னால் வருவது ரிக். மடக்கிய கோபுரத்தை முதுகில் படுக்கப் போட்டிருக்கும். பின்னால் வருவது சப்போர்ட் வண்டி. தோட்டத்துக்குள் நுழைந்ததும் சனம் ரிக்கைச் சுற்றித்தான் கூடும். பின்னால் நிற்கிற சப்போர்ட் வண்டியில் பத்துப் பேர் மாதக்கணக்கில் குடியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

வேடசந்தூரிலிருந்து குஜிலியம்பாறை போகும் வழியில் ஒரு முருங்கைத் தோட்டம். பங்குனி மாதம். தோட்டக்காரர் எனக்குத் தூரத்துச் சொந்தம். "பாயிண்ட் பாத்தாச்சு மாப்ள, ராத்திரி வண்டி வருது, வேணும்னா வந்து பாரு" என்று கூப்பிட்டிருந்தார். அவருடைய கிணறு அறுபது அடி, கல்கட்டு. அவர் அப்பா காலத்தில் கமலை ஓடியது. அது வற்றியதும் உள்ளே சைடு போர் போட்டார்கள். பிறகு மேலே முந்நூறு அடி, பிறகு அறுநூறு. இது அடுத்தது. கொடகனாறு பக்கத்தில்தான் ஓடுகிறது என்று பேர். அதில் மணலைவிட வேலிக்கருவை அதிகம். வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை வட்டாரத்தில் ஆயிரம் அடி என்று சொன்னால் இப்போது யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

வண்டி நம்பர் டி.என். 34. திருச்செங்கோடு. இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிற்கும் என்பது பெருமைக்குச் சொல்வது மட்டுமல்ல. பாதிக்கு மேல் உண்மை. பாறையைக் காற்றுச் சுத்தியலால் உடைக்கிற இந்த முறையை நம் நாட்டில் பரப்பியதில் யுனிசெஃபுக்குப் பங்கு உண்டு. 1966-67 பீகார் வறட்சியின்போது குடிநீருக்காக வெளிநாட்டு ரிக்குகளை இறக்கினார்கள். வறண்ட பூமிக்காரர்களான திருச்செங்கோட்டார் பின்னாளில் இதை ஊர்த் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். வண்டியும் முதலாளியும் அங்கே. டிரில்லர், டிரைவர், மேனேஜர் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்கள். மற்ற 'பசங்க' வடக்கே இருந்து வருகிறவர்கள்.

இந்த வண்டியின் பசங்களில் பெரும்பாலோர் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியிலிருந்து வந்தவர்கள். கொண்டாகான், நாராயண்பூர் மாவட்டங்கள். நெல் அறுத்து முடித்ததும் 'போர் காடி'க்குப் போவது அந்த ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதில் ஒருவன் புதுசு. தீபாவளி கழிந்து வந்தவன். பெயர் வேண்டாம், வண்டியிலும் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, "நயா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவனிடம் முதலில் என்ன வேலை கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். கிரீஸ் வைப்பது, ராடு மாட்டுவது என்று ஏதாவது சொல்வான் என நினைத்தேன். அவன் லாரிக்கு அடியைக் காட்டினான். "படுக்க. எங்க படுக்க, எங்க படுக்கக் கூடாது."

பெரிய பாடம்தான் அது. சப்போர்ட் வண்டியின் மேல்தளம் முழுக்கக் கேசிங் குழாயும் உதிரி ராடும். நடுவில் டீசல் டேங்க், தண்ணீர் டேங்க், வெல்டிங் செட், பிட் தீட்டும் கிரைண்டர். மூலையில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கிய தக்காளிப் பெட்டி. ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அடங்குவதுதான் சொத்து. கேபினுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலகை மேனேஜருக்கு. டிரைவர்கள் சீட்டிலேயே சாய்வார்கள். பசங்களுக்கு மிச்சமிருப்பது குழாய்களின் மேல் விரித்த தார்ப்பாயும் லாரிக்கு அடியிலிருக்கும் தரையும். குளிர்காலத்தில் ரிக்கின் கம்ப்ரசர் மூடி மேலே படுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து மூன்று நான்கு மணி நேரம் சூடு இருக்கும். அந்த இடத்துக்குப் போட்டி அதிகம், புதியவனுக்குக் கிடைக்காது. வெயில் காலத்தில் லாரிக்கு அடிதான் சொகுசு, ஆபத்தும் அங்கேதான். விடியற்காலையில் அடுத்த பாயிண்ட்டுக்குப் போன் வந்தால் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் வண்டியை எடுத்துவிடலாம். அதனால் அடியில் படுப்பவர்கள் டிரைவர் பக்கக் கதவுப் பிடியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். எத்தனை துண்டோ அத்தனை பேர் கீழே. எல்லாத் துண்டையும் அவிழ்த்த பிறகுதான் சாவி திரும்பும். சமையல்காரர் இதை அவனுக்கு இந்தியிலும் கையாலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் வாரத்தில் அவன் துண்டு கட்ட மறந்த ஒரு நாள் கன்னத்தில் ஒன்று விழுந்ததாம். அதைச் சொல்லும்போது சிரித்தான்.

குளியல் போர் முடிந்தபின்தான். தண்ணீர் அடித்தால் பீய்ச்சுகிற அந்தத் தண்ணீரிலேயே குளியல், துணி துவைப்பு எல்லாம். போர் ஃபெயிலியர் ஆனால் புழுதியோடு அடுத்த ஊர். "தொடர்ந்து ஃபெயிலியர் ஆச்சுன்னா வண்டி நாறிப்போயிரும்ணா" என்றார் டிரில்லர். வெளிக்குப் போக இருட்டு பார்த்துக் காட்டோரம். அதிலும் தோட்டக்காரர்களின் சத்தம் கேட்க வேண்டும். "சோளக்காட்டுப் பக்கம் ஒருத்தனும் போகப்படாது" என்று என் சொந்தக்காரரே வண்டி வந்ததும் முதல் உத்தரவு போட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. காலையில் அங்கே தட்டை அறுக்கப் பெண்கள் வருவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கால்வாய்ச் சரக்குப் படகுகளும் ஏறக்குறைய இப்படித்தான் வீடாயின. அகலம் ஏழடி, நீளம் எழுபதடி. ரயில் வந்து கூலி விழுந்ததும், கரையில் வாடகை கட்ட முடியாத படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பின்பக்கத்து அறைக்கே குடிவந்தார்கள். அறை பத்தடிக்கு ஏழடி. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் எழுதியும் பேசியும் 1877இல் ஒரு சட்டம் கொண்டுவரச் செய்தார். படகைக் குடியிருப்பாகப் பதிய வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்று வரையறுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இன்று அதே அகலப் படகுகளில், வீட்டு வாடகை தாங்காமலும் ஆசைப்பட்டும் புதிதாகக் குடியேறுகிறவர்கள் அந்த நாட்டில் ஏராளம். அவர்களும் முதலில் படிப்பது தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவுப் பெட்டியை எங்கே கொட்டுவது என்பதைத்தான். நம் லாரியின் அகலம் எட்டடி. இதைக் குடியிருப்பு என்று பதிந்துவைக்க நம்மிடம் ஏடு இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் அது வாகனம், அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். நீரோட்டம் பார்த்தவர் வேப்பங்குச்சி சுழன்ற இடத்தில் அடித்துவைத்த முளையைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் கோபுரம் நிமிர்ந்தது. மேல்மண்ணும் சுக்காம்பாறையுமாக நாற்பது அடி. ஏழு இஞ்சு பி.வி.சி. கேசிங் இறக்கி, பிட் மாற்றி, கருங்கல்லுக்குள் போனார்கள். அதன்பிறகு பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. கம்ப்ரசர் காற்றை 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ராடு வழியாகக் கீழே தள்ளுகிறது; அடியில் ஹேமர் அந்தக் காற்றால் பாறையைக் குத்துகிறது; உடைந்த கல், மாவாக ராடுக்கும் குழிக்கும் இடையிலுள்ள சந்தில் மேலே வருகிறது.

ஒரு ராடு இருபது அடி. அது இறங்கி முடிந்ததும் டிரில்லர் கை முஷ்டியை உயர்த்துவார். காற்று நிற்கும். ஒருவன் ராடின் தட்டையான இடத்தில் ஸ்பானரைச் செருகிப் பிடிப்பான். மேலிருந்து மிஷின் எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றும். அடுத்த ராடு கம்பிவடத்தில் தொங்கியபடி வரும். மரையில் கிரீஸ் தடவி, வாய்க்கு வாய் வைத்து, விரலை எடுத்து, தலையசைத்தால் டிரில்லர் லீவரைத் தள்ளுவார். 'விரலை எடுத்து' என்று நான் எழுதியதுதான் இந்த வேலையின் சூட்சுமம். மரை சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்காமல் தெரியாது. தடவிய விரல் அரை நொடி கூட அங்கே இருக்கக் கூடாது. டிரில்லர் பசங்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார், கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு கணு கிடையாது.

புதியவனை ராடு பக்கம் இன்னும் விடவில்லை. அவனுக்கு மண் தள்ளுகிற வேலை. குழிவாயைச் சுற்றிக் குவியும் பாறை மாவை மண்வெட்டியால் இழுத்து, ராடுக்கு ஒரு கைப்பிடி வீதம் வரிசையாகக் கொட்டிவைக்க வேண்டும். நூறு அடியில் பழுப்பு, பிறகு சாம்பல், பிறகு வெள்ளை, முந்நூற்று அறுபதில் மினுமினுவென்று காக்காய்ப்பொன் கலந்த கறுப்பு. அந்த வரிசையைப் பார்த்தால் பூமி படுத்த மாதிரி தெரியும். மேனேஜர் டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். அடிக்கு இவ்வளவு, ஆழம் கூடக் கூட ரேட்டும் கூடும் என்பதால், தோட்டக்காரரும் அந்த வரிசையைத் தன் கணக்குக்காக எண்ணிக்கொண்டிருந்தார்.

தூசி பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரம் தட்டுகிற வரைக்கும் வருவது வெறும் பொடி. விளக்கு வெளிச்சத்தில் முருங்கை மரங்கள் மறைந்துபோயின. பசங்க மூக்கில் துண்டு கட்டியிருந்தார்கள். கல்லின் மாவு நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் போகாது. கல்குவாரிக்காரர்களுக்குத் தெரிந்த நோய். காற்றோடு கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சினால் பெருமளவு அடங்கும். அதற்கான வால்வு இந்த ரிக்கிலும் இருக்கிறது. தண்ணீர் எங்கே? தண்ணீர் இல்லாத தோட்டத்துக்குத்தானே வண்டியைக் கூப்பிடுகிறார்கள். நான்கு மீட்டர் தள்ளி நின்ற எனக்கே பல்லில் நறநறத்தது.

அறுநூறு அடி தாண்டியதும் என் சொந்தக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டார். எழுநூற்று அறுபதில் பொடி பறப்பது நின்று, மாவு உருண்டை உருண்டையாக விழுந்தது. "ஈரம்" என்றான் புதியவன், தமிழில்தான் சொன்னான். நாற்பத்து மூன்றாவது ராடில், எண்ணூற்று அறுபது அடிக்கருகே, ஹேமர் சத்தம் மாறியது. டிரில்லர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் சேறு, பிறகு சாம்பல் நிறத் தண்ணீர். ஒன்றரை இஞ்சு என்றார் மேனேஜர். ஒரு இஞ்சுதான் என்றார் கூட நின்ற ஒருவர். இன்னும் ரெண்டு ராடு விடலாமா என்று மேனேஜர் கேட்க, போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார் என் சொந்தக்காரர். சந்தோஷக் காசாகப் பசங்களுக்குக் கொஞ்சம் கொடுத்தார். மத்தியானம் நாட்டுக்கோழி அடிப்பதாகவும் சொன்னார்.

விடியும் நேரத்தில் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பீய்ச்சலுக்குள் நின்றார்கள். அப்போதுதான் அவர்களுக்குள் யார் கறுப்பு, யார் மாநிறம் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை எல்லோரும் வெள்ளை.

கேசிங் வாய்க்கு மூடி போட்டுத் திருகிய பிறகுதான் மேனேஜர் பணம் எண்ணினார். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத குழியில் விழுந்து இறந்தது இங்கிருந்து தூரமில்லை. காப்பாற்றப் பக்கத்தில் குழி தோண்ட வந்த பெரிய ரிக்குகளே அந்தப் பாறையில் திணறின. "அதுக்கப்புறம் மூடி போடாம நாங்க எடத்த விட்டு நகர்றதில்லீங்" என்றார்.

வெந்நீர் வைத்துக் கொடுத்த வரக்காப்பியோடு டிரில்லர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சம்பளம் மாதக் கணக்கு. அதற்குமேல் அடிக்கு இவ்வளவு என்று படி. பசங்களின் கணக்கு ஊருக்குப் போகும்போதுதான் தீரும், அதுவரை வீட்டுக்கு அட்வான்ஸ். அந்த ஏற்பாட்டில் நல்ல முதலாளியும் உண்டு, ஆளைப் பிடித்துவைக்கிற முதலாளியும் உண்டு. பஸ்தரிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவர்களை மீட்ட செய்திகள் அவ்வப்போது வருகின்றன. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்பவர்களுக்கு ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. தங்குமிடமே ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தால் எந்த ஊர் அதிகாரி வந்து பார்ப்பார்? காலையில் வேடசந்தூர், சாயங்காலம் கரூர் மாவட்டம், அடுத்த வாரம் கர்நாடகம்.

"புது ரிக்கு ஒண்ணு ஆர்டர் குடுத்திருக்காரு எங்க ஓனரு," என்றார் டிரில்லர். "பாடி கட்டறப்பவே சப்போர்ட் வண்டில ரெண்டு தட்டுப் பலகை அடிச்சு மேல ஒரு கூரையும் போட்டுட்டா பசங்க மழையில நனைய மாட்டாங்கன்னு சொன்னேனுங்கணா."

"என்ன சொன்னார்?"

"அந்த எடத்துல இன்னும் இருபது ராடு அடுக்கலாமேன்னாரு."

அதற்குள் மேனேஜருக்குப் போன் வந்துவிட்டது. அய்யலூர்ப் பக்கம் ஒரு பாயிண்ட், மத்தியானத்துக்குள் வரச் சொல்கிறார்கள். நாட்டுக்கோழிக்கு நேரமில்லை, உரித்த கோழியைப் பாத்திரத்தோடு வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சமையல்காரர் என் சொந்தக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். புதியவன் லாரிக்கு அடியில் படுத்திருந்த இரண்டு பேரைக் காலைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டு, கதவுப் பிடியிலிருந்த துண்டுகளை அவிழ்க்கப் போனான்.