எங்கள் வீட்டு அம்பாசிடர்

சாலையில் அம்பாசிடர் காரைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த கார் அது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. எங்கள் இல்லத்தில் தாத்தா வாங்கிய 1978-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று உண்டு. அக்காலத்தில் ஊரில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் அக்கார்தான் திருச்சிக்கு ஓடுமாம். பிறந்த குழந்தையாக எங்கள் அப்பா வீடு வந்து சேர்ந்ததும் அதில்தான் என்பார் அப்பத்தா.

தாத்தா மறைந்தபின் கார் கொட்டகையிலேயே நின்றது. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல், எங்கள் தென்னைகளோடு கொட்டகைக் கூரையையும் கொண்டு போயிற்று. காருக்குள் மழைநீர் புகுந்தது. சென்ற கோடை விடுமுறையில் பழைய இரும்பு வியாபாரி விலை பேச வந்தார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பாவோ, “தளத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அவரை அனுப்பிவைத்தார்.

அன்புத் தோழியரே, தளத்தை ஏன் பார்க்க வேண்டும் தெரியுமா? லாரிக்கு இருப்பதுபோல் அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. உடலும் தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. தளம் உளுத்தால் காரின் முதுகெலும்பே போயிற்று. இருக்கைகளைக் கழற்றினால்தான் தளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

அக்கா தங்கையரான நாங்கள் இருவரும் அப்பாவுக்குத் துணையானோம். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். இக்காலக் கார்களில் இருக்கைக்கு அடியில் காற்றுப்பைக்கான மின்கம்பிகள் இருப்பதால் வீட்டில் கைவைப்பது ஆபத்து. எங்கள் காரில் அந்தத் தொல்லை இல்லை. பின்னிருக்கையின் முன்விளிம்பைத் தூக்கி இழுத்ததும் மெத்தை வெளியே வந்தது. முன்னிருக்கை பெஞ்சு போல் நீண்டது; தண்டவாளம் போன்ற இரு சட்டங்களில் நகர்வது. அதைப் பின்னால் தள்ளி முன்போல்ட்டுகளையும், முன்னால் தள்ளிப் பின்போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். துருவேறிய போல்ட்டுகள் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தோம். மறுநாள் ஸ்பேனருக்கு இணங்கின. “பாத்துடி ஆத்தா, தகரம் கையக் கிழிச்சிரப் போவுது” என்று திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். எந்தப் போல்ட் எந்த இடத்தது என்று சீட்டு எழுதி டப்பாக்களில் போட்டு வைத்தோம்.

பின்னிருக்கைக்கு அடியில் இரண்டு கொண்டை ஊசிகளும், 2011-இல் செல்லாமற்போன இருபத்தைந்து காசு ஒன்றும் கிடந்தன. கொண்டை ஊசிகளை அப்பத்தா வாங்கித் தம் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிறகு மிதியடிகளை உரித்தோம். அவற்றின் அடியில் தங்கிய ஈரமே துருவுக்குக் காரணம். அப்பா ஸ்குரூ டிரைவரின் பிடியால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்றது. இடப்புறம் பின்னிருக்கையில் அமர்பவர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் ‘பொத்’ என்றது. இரண்டு கையகலத்துக்குத் தகடு உதிர்ந்தது. மற்ற இடமெல்லாம் உறுதி! வெல்டிங் பட்டறைக்காரர் வந்து பார்த்து, உளுத்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கலாம் என்றார். நெருப்புப் பொறி பட்டால் தென்னை நார் மெத்தை பற்றிக்கொள்ளும் என்பதால் இருக்கைகளை வெளியே எடுத்ததும் நல்லதாயிற்று.

இரும்பு வியாபாரிக்கு அன்று மாலையே ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பினார் அப்பா. கார் ஓட இன்னும் பல வேலைகள் உண்டு; பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் மேலே பார்த்துக் கழித்துவிட இருந்த ஒன்றை, அடிவரை பார்த்தபின் காப்பாற்ற முடிந்தது. பின்னிருக்கை இப்போது எங்கள் திண்ணையில் வெயில் காய்கிறது. பிற்பகலில் அதில் வேறு யாரும் அமர முடியாது. அது அப்பத்தாவின் இடம்.