டிரம்பெட்டைக் குளிப்பாட்ட ஒரு இடம் வேண்டும்

கிழக்குத் தாம்பரத்தில் மாடிப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன், ஒரே ஒரு பாத்ரூம். ஆட்கள் நாலு பேர். இதில் ஐந்தாவது ஆளாக என் டிரம்பெட். ஆறாவது ஆள் தாத்தாவின் யூஃபோனியம், அது பீரோ மேல் போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது. வாடகைக்கு வரும்போது ஓனரிடம் இந்த ரெண்டு பேரைப் பற்றியும் நாங்கள் சொல்லவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பி.காம் மூன்றாம் வருஷம். சனி, ஞாயிறு ஒரு பேண்டு செட்டில் வாசிக்கிறேன். கல்யாணம், சர்ச் திருவிழா, சில சமயம் சாவு. செமஸ்டர் ஃபீஸில் பாதி அதில்தான் வருகிறது. வாசிப்பது எல்லோருக்கும் தெரியும், வாசித்த பிறகு கழுவ வேண்டும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. டிரம்பெட்டைப் பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் குழாய். ஊத ஊத உள்ளே ஈரமும் எச்சிலும் தங்கும். அப்படியே விட்டால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் மெல்ல அரித்துப்போய் செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே இளஞ்சிவப்பாகப் புள்ளி தெரியும்போது உள்பக்கம் ஏற்கனவே போயிருக்கும்.

சரி, கழுவலாம். எங்கே?

முதலில் கிச்சன் சிங்க். அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே! "எச்சில் சாமானை சோறு ஆக்குற எடத்துல வைப்பியா?" நியாயம்தான், அதில் எனக்கு வாதமே இல்லை. கூடவே இன்னொன்றும் மெதுவாகச் சொன்னார்: "நேத்து சாவுக்குப் போன சாமான்டா அது."

அடுத்து பாத்ரூம். அங்கே ரெண்டு சிக்கல். எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு வாராவாரம் ஆசிட் ஊற்றித்தான் டைல்ஸ் தேய்க்கிறோம். அந்தப் புகை பட்டாலே பித்தளை கறுக்கும். ரெண்டாவது சிக்கல், காலை ஏழு மணிக்கு அப்பா, தங்கை, நான் மூவரும் அந்தக் கதவுக்கு வெளியே கியூ. வால்வு மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்தால் வீட்டில் கொலை விழும். (வால்வில் 1, 2, 3 என்று நம்பர் இருக்கும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது. ஒரு தடவை கதவு தட்டிய அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டு, டிரம்பெட் செத்துவிட்டது என்று பத்து நிமிஷம் கலங்கியிருக்கிறேன்.)

பித்தளைக்குக் காற்றே எமன் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் தானாகவே வெடித்து விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கம் வந்தது. இடம் பார்த்து வைக்க வேண்டும் என்று நான் சொல்வது வெறும் பந்தா இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

பால்கனி? இரண்டடி அகலம், அதில் வாஷிங் மெஷின். போதும், அடுத்து.

டிரம்பெட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப், அடியில் பழைய துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர் (கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் மேல் பூச்சு உரிந்துவிடும்), பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர், இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். இதை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் செய்யலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், துடைத்து வைத்துவிடலாம். ஒரே ஒரு தடவை நான் ஊரில் இல்லாதபோது தங்கை பாசமாகப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். குத்துவிளக்குக்கு சரி. பூச்சு அடித்த டிரம்பெட்டுக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பாவம், அவளைத் திட்ட மனசு வரவில்லை.

உண்மையான பிரச்சினை யூஃபோனியம்தான்.

2015 டிசம்பரில் நாங்கள் முடிச்சூரில், கீழ் வீட்டில் இருந்தோம். அடையாறு வீட்டுக்குள் வந்த அந்த இரவில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினோம். தாத்தா ரேஷன் கார்டை எடுத்தார், என்னை எடுத்தார். யூஃபோனியத்தை எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது அது கட்டிலுக்கடியில் சேறு குடித்துக் கிடந்தது. தாத்தா வெளியே மட்டும் துடைத்து, போர்வை சுற்றி வைத்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. 2019இல் போய்விட்டார். மூன்று வால்வும் இறுகிப்போன நிலையில் அது என்னிடம் வந்தது.

காஸ்ட் அக்கவுண்டிங் பையன் சொல்கிறேன், ஸ்ட்ரெயிட் லைன் முறையில் அதன் மதிப்பு எப்போதோ பூஜ்ஜியம். ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்ஜியம் வராது. நான் ரெண்டாவது கட்சி.

இறுகிய வால்வைக் குறடு வைத்துத் திருகக் கூடாது. மேல் மூடி, கீழ் மூடி வழியாக எண்ணெய் விட்டு, அசைக்காமல் நாலைந்து நாள் விட வேண்டும். நடுவில் மரச்சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். அதாவது நாலைந்து நாள் யாரும் நகர்த்தாத இடம் வேண்டும். நாலு பேர் வீட்டில் அப்படி ஒரு சதுர அடி கிடையாது. பாய் விரிக்கிற இடத்தில்தான் சாப்பிடுகிறோம், சாப்பிடுகிற இடத்தில்தான் படிக்கிறோம்.

பாக்கி இருந்தது மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் மேல்திட்டு. நிழல், பக்கத்திலேயே குழாய், யாரும் வரமாட்டார்கள். ஆனால் அது ஓனருடையது. போய்க் கேட்டேன். "சாவு மேளம் வாசிக்கிறதெல்லாம் மேல வைக்காதப்பா, பூஜை ரூமுக்கு நேர் மேல வருது" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எதிர்த்துப் பேச முடியவில்லை, மாசம் பிறந்தால் வாடகை, அது வேறு.

வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கீழே போனார். நான் படியில் நின்று கேட்டேன். "அக்கா, அது எங்க மாமனாரு வாசிச்சது. எங்க கல்யாணத்துக்கு அவருதான் வாசிச்சாரு. ஒரு வாரம்தான், நானே பாத்துக்கிறேன்." கீழே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஓனரம்மா, "ஊதக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

ஊதுவதா! அதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறதோ.

நாலாம் நாள் முதல் வால்வு அசைந்தது, அன்றே ராத்திரி இரண்டாவதும். கழற்றிவிட்டு மணி வாய் வழியாகத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியிருந்தது. ஒரு கையால் அதைச் சாய்த்துப் பிடிக்கவே முடியாது, அத்தனை கனம். அம்மா மக்கை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். ஊற்ற ஊற்ற, செம்மண் நிறத்தில் சேறு கரைந்து கரைந்து வந்தது. முடிச்சூர் சேறு. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இன்னொரு மக்கு ஊத்தவா?" என்றார்.

மூன்றாவது வால்வு இன்னும் அசையவில்லை. சொன்ன ஒரு வாரத்தில் இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி மறுபடி எண்ணெய் விடணும்.